எலும்பு கூடும், ஆள் தேறினாரா?

காலை ஏழரை மணி. எலும்பு முறிவு வார்டில் இரவு டூட்டி முடிந்து பகல் டூட்டி தொடங்குகிறது. எட்டாம் எண் கட்டிலில் 72 வயதுப் பாட்டி ஒருவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்து இன்று மூன்றாம் நாள். மகன் ஜன்னலோரம் நின்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் வந்ததும் திரும்புகிறார்.

“கம்பி அருமையா உக்காந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு சிஸ்டர். இனி பயமில்லதானே?”

“நல்லது சார். நேத்து ராத்திரி அம்மா எத்தனை இட்லி சாப்பிட்டாங்க?”

மகன் யோசிக்கிறார். “ஒண்ணு… இல்ல, அரைதான் இருக்கும். வேணாம்னுட்டாங்க.”

அதற்குள் நர்ஸ் போர்வையைக் கால்மாட்டில் தூக்கி, பாட்டியின் குதிகாலுக்கு அடியில் கை கொடுத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முறிந்தது இடுப்பு. கட்டுப் போட்டிருப்பதும் இடுப்பில். இவர் ஏன் இட்லியை எண்ணுகிறார், குதிகாலைத் தடவுகிறார்?

எந்த ஊர் எலும்பு வார்டிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. மகனின் கையில் இருக்கும் படம் எலும்பைக் காட்டுகிறது. அந்த எலும்பு கூட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை எலும்பைத் தவிர்த்த மற்ற எல்லாமும், அதாவது தோல், தசை, நுரையீரல், ரத்தம், குடல், மூளை எல்லாம் படுக்கையில் கிடக்கின்றன. இடுப்பு முறிந்த முதியவர்களில் சிலர் பிழைக்காமல் போவது பெரும்பாலும் முறிவால் நேர்வதில்லை. நிமோனியா, நுரையீரலில் போய் அடைக்கும் ரத்தக்கட்டி, நோய்த்தொற்று, தாங்க முடியாமல் போன இதயம் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். எக்ஸ்ரே படத்தில் இவற்றுக்கு இடமில்லை. நர்ஸின் கைகளும் கண்களும் தேடுவது இவற்றைத்தான்.

படுத்தால் என்ன ஆகும்?

கால் உடைந்தால் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால வைத்தியம். 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸ், நீண்ட, இடைவிடாத ஓய்வுதான் எலும்புக்கு மருந்து என்று உறுதியாக நம்பினார். அவர் பெயரைத் தாங்கிய தாமஸ் ஸ்பிளிண்ட் இன்றும் நம் வார்டுகளில் இருக்கிறது. முறிந்த முனைகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, அவை அசையக் கூடாது. ஆனால் எலும்பை அசையாமல் வைப்பதும் ஆளை அசையாமல் வைப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பது மருத்துவ உலகுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தோல், நுரையீரல், சிரைகள், எலும்பு, சிறுநீர்ப்பை, குடல், மனம் என்று உறுப்பு உறுப்பாக எடுத்து, படுத்தே கிடப்பவருக்கு ஒவ்வொன்றும் எப்படிக் கெடுகிறது என்று காட்டினார். அந்தக் காலத்தில் பிரசவித்தவர், குடலிறக்க அறுவை செய்துகொண்டவர் எல்லோரையும் நாள்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுரை அந்தப் பழக்கத்தின் மீது எறிந்த கல்.

பிறகு எண்களும் வந்தன. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தபோது தெரிந்தது இது: அவர்களுடைய உடல் உழைப்புத் திறனை 30 ஆண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், நோய் ஏதும் இல்லாத முதியவர்கள் 12 பேர் பத்து நாள் படுத்திருந்தார்கள். அவர்களுடைய கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. இவர்களுக்கு முறிவு இல்லை, அறுவை இல்லை, வலி இல்லை, பசிக்கும் குறைவில்லை. நம் எட்டாம் எண் பாட்டிக்கு இத்தனையும் இருக்கின்றன.

அதனால் எலும்பு வார்டில் நர்ஸ் இரண்டு கணக்குகளை ஒன்றாக வைத்திருக்கிறார். முறிவு எவ்வளவு ஆறியிருக்கிறது என்பது ஒன்று. படுக்கை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது இன்னொன்று. முதலாவது வாரக்கணக்கில் நகரும். இரண்டாவது ஒரே இரவில் மாறிவிடும்.

முதல் இரண்டு நாள்: கால்விரல்கள் பேசும்

பாட்டிக்கு அடுத்த வார்டில் 19 வயதுப் பையன் ஒருவன். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அவனிடம் நர்ஸ் மணிக்கொரு முறை வருகிறார். வந்ததும் கட்டைத் தொடுவதில்லை, கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் விரல்களைத்தான் தொடுகிறார்.

கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுகிறார். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். பிறகு இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுகிறார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலை மெல்லத் தீண்டி, “தெரியுதா தம்பி?” என்று கேட்கிறார். காலின் முன்புறமாக இறங்கும் ஒரு நரம்பு உணர்வு தருவது அந்தச் சிறு இடத்துக்கு மட்டும்தான். அந்த நரம்பு நசுங்கினால் முதலில் மரத்துப்போவது அங்கேதான். கடைசியாக, விரல்களைத் தன் கையால் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறார். பையன் அலறினால் அது எச்சரிக்கை.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் விரியாத உறைகளுக்குள் நான்கு அறைகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன. முறிவால் ரத்தம் கசிந்தாலோ வீக்கம் ஏறினாலோ அறைக்குள் அழுத்தம் கூடும். வெளியே இறுக்கமான கட்டு இருந்தால் இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை மூச்சுத் திணறும். இதைத்தான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஆறு மணி நேரம் அளவில் தசையும் நரம்பும் மீள முடியாத சேதத்தை நோக்கிப் போகலாம். இறுக்கமான கட்டுக்குப் பின் கையும் விரல்களும் நிரந்தரமாக மடங்கிச் சுருங்கிப்போவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881லேயே விவரித்திருந்தார்.

இதில் ஏமாறுவது எளிது. பாதத்தில் நாடி துடிக்கிறதே, ரத்தம் ஓடுகிறதே என்று தோன்றும். பெரிய தமனியில் ஓட்டம் இருக்கும்போதே சிறு குழாய்கள் நசுங்கிவிடுகின்றன, நாடி நிற்பது கடைசிக் கட்டத்தில்தான். முதலில் வருவது வலி. முறிவுக்கும் ஊசிக்கும் பொருந்தாத வலி. ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட வலி ஊசி கேட்காமல், “கட்டு இறுக்குது சிஸ்டர்” என்று பையன் சொன்னால், “சின்னப் பையன், வலி தாங்க மாட்டான்” என்று நர்ஸ் நினைக்கக் கூடாது. டாக்டரைக் கூப்பிட வேண்டும். கட்டைப் பிளந்து தளர்த்த வேண்டியிருக்கும். காலை இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். வீக்கம் வடியட்டும் என்று தலையணை மேல் தலையணை வைத்து உயர்த்தினால், ஏற்கெனவே திணறும் தசைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறைந்துவிடும். அழுத்தம் இறங்கவில்லை என்றால் உறையை நீளவாட்டில் கீறித் திறக்கும் அறுவைதான் காலைக் காப்பாற்றும்.

நாட்டு வைத்தியக் கட்டோ ஆஸ்பத்திரிக் கட்டோ, எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் இந்த விரல் சோதனையை வீட்டில் இருப்பவர்களும் செய்யலாம்.

குதிகாலில் என்ன தேடினார்?

பாட்டியிடம் திரும்புவோம். மல்லாந்து படுத்திருப்பவரின் உடல் எடை சில இடங்களில்தான் ஊன்றி நிற்கிறது: குதிகால், புட்டத்தின் நடு எலும்பு, தோள்பட்டை, பின்தலை. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்குகிறது. நாம் தூக்கத்தில் அறியாமலே புரண்டு படுப்பதால் தப்பிக்கிறோம். இடுப்பு வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வார்டுகளில் வழக்கமானது இதனால்தான்.

பாடப் புத்தகங்கள் சொல்லும் முதல் அடையாளம் தோல் சிவத்தல். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைய வேண்டும், மறையாவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. இந்தப் பாடம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அதனால்தான் நம் ஊர் நர்ஸ் கண்ணைவிடக் கையை நம்புகிறார். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா? தொட்டால் பாட்டி முகம் சுளிக்கிறாரா? நிறம் பார்ப்பதானால் சிவப்பை விட்டு, அக்கம்பக்கத்தைவிடக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாருக்குப் படுக்கைப்புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க நர்ஸுகள் பார்பரா பிராடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1980களில் உருவாக்கியது. அழுத்தத்தை உணரும் திறன், தோலின் ஈரம், எவ்வளவு எழுந்து நடமாடுகிறார், படுக்கையில் தானே நிலை மாற்ற முடிகிறதா, சாப்பாடு, இழுக்கும்போது தோல் உராய்கிறதா என்று ஆறு கேள்விகள். மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை. குறையக் குறைய ஆபத்து. பொதுவாக 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே எச்சரிக்கை.

ஆறில் ஒன்று சாப்பாடு என்பதைக் கவனித்தீர்களா? இட்லிக் கேள்வி எழுந்தது இங்கிருந்துதான். புண் ஆறவும் சதை கரையாமல் இருக்கவும் புரதம் வேண்டும். அரை இட்லியிலும் அரிசிக் கஞ்சியிலும் அது போதுமான அளவு கிடைக்காது. முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று வீட்டில் இருப்பதைக் கேட்டு நர்ஸ் சொல்லித் தருகிறார். பசி திடீரென்று விழுந்தால் அதற்குப் பின்னால் மலச்சிக்கலோ, காய்ச்சல் காட்டாத ஒரு தொற்றோ, குழம்பத் தொடங்கும் மூளையோ இருக்கலாம்.

உறவினர்கள் அன்பு மிகுதியால் செய்யும் சில காரியங்களையும் நர்ஸ் இங்கே தடுக்கிறார். நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது உள்ளே நைந்த திசுவை மேலும் நைக்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைத்தால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குதிகாலுக்கு நல்ல வைத்தியம் மிக எளியது. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, அதன் விளிம்புக்கு அப்பால் குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

தண்ணீர்ச் சொம்பு

பாட்டியின் அலமாரியில் நேற்று மாலை நிரப்பிய சொம்பு நிரம்பியபடியே இருக்கிறது. நர்ஸ் அதைத் தூக்கிப் பார்க்கிறார். எடை மாறவில்லை.

எலும்பு வார்டில் பெண் நோயாளிகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பல நேரம் தாகமின்மை காரணமில்லை. குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் பெட்பேன் வைக்க வேண்டும், வைப்பதற்கு உடன் இருப்பது மகன். அதற்கு நாக்கு வறண்டாலும் பரவாயில்லை என்று பாட்டி முடிவு செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்தக் கூச்சத்துக்கு எந்த அளவுகோலிலும் கட்டம் கிடையாது. ஆனால் அதிலிருந்து புறப்படும் சங்கிலி நீளமானது: நீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும், சிறுநீரில் தொற்று வரும், மலம் இறுகும், முதியவருக்கு மூளை குழம்பும். நர்ஸ் மகனை டீ குடித்துவரச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். இரவில் உடன் தங்க மகளையோ மருமகளையோ வரச் சொல்கிறார். அதுவும் சிகிச்சைதான்.

ரத்தம் கெட்டியாவதன் அபாயத்தை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். சிரைக்குள் ரத்தம் உறைய மூன்று காரணங்கள் என்று இன்றும் அவர் பெயரால் கற்பிக்கிறார்கள்: ஓட்டம் தேங்குவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது. இடுப்பு முறிந்து, அறுவை முடிந்து, படுத்திருப்பவருக்கு மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. நர்ஸ் டேப் எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் அளக்கிறார். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது என்று இப்போது விட்டுவிட்டார்கள். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நாடிப் படபடப்பு. அப்போது அளந்துகொண்டிருக்க நேரம் இருக்காது.

மூச்சை எண்ணுவது மிகவும் அலட்சியப்படுத்தப்படும் சோதனை. நிமிடத்துக்கு 12 முதல் 20 என்பது இயல்பு. கேஸ் ஷீட்டில் பழக்க தோஷத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டுப் போவது எளிது. நல்ல நர்ஸ் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து, முழு நிமிடமும் எண்ணுவார். எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நேற்று 16, இன்று 24 என்றால் அடி நுரையீரலில் சளி தேங்குகிறதோ, கட்டி போய்ச் சேர்ந்ததோ என்று பார்க்க வேண்டும். நீளமான எலும்பு முறிந்த இளைஞருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மூச்சு வாங்கி, பேச்சுக் குழம்பி, நெஞ்சிலும் அக்குளிலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், எலும்பு மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்திருக்கலாம். அடுத்த வார்டுப் பையனின் சட்டையை விலக்கிப் பார்ப்பது அதற்காகத்தான்.

“பரவாயில்லம்மா”

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் கேட்பது வழக்கம். பாட்டியிடம் கேட்டால் வரும் விடை எண்ணாக இருக்காது: “பரவாயில்லம்மா, உனக்கு எத்தனையோ வேலை.” அடுத்தவருக்குச் சிரமம் தரக் கூடாது என்று வாழ்ந்து பழகிய தலைமுறை.

அதனால் நர்ஸ் கேள்வியை மாற்றுகிறார். “சும்மா படுத்திருக்கறப்ப எப்படி? திரும்பிப் படுக்கறப்ப எப்படி? இருமினா?” முக்கியமான எண் அசையும்போது வரும் வலியின் எண். படுத்திருக்கும்போது 2, திரும்பும்போது 8 என்றால் பாட்டி அசையவே மாட்டார். அசையாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும். வலி மருந்தை நடைப்பயிற்சிக்குப் பின் கொடுப்பதைவிட அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னதாகக் கொடுத்தால் அதே மாத்திரை பாட்டியை எழுந்து நிற்க வைக்கும். நினைவு மங்கி, கேள்விக்குப் பதில் சொல்ல இயலாதவர்களிடம் மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை 2003 முதல் இருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு இன்னொன்றும் நடக்கலாம். பாட்டி திடீரென்று இறந்துபோன தாத்தாவைக் கூப்பிடலாம், மகனை அண்ணன் என்று அழைக்கலாம். “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று குடும்பம் விட்டுவிடும். இது டெலிரியம், திடீர்ச் சித்தக் குழப்பம். இடுப்பு முறிந்த முதியவர்களிடம் அடிக்கடி வரும், காரணம் தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. 1990இல் ஷேரன் இனூயேயும் சகாக்களும் வெளியிட்ட சோதனை முறை நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: திடீரென்று தொடங்கி ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கவில்லையா, பேச்சு தடம் புரள்கிறதா, விழிப்பு நிலை மாறியிருக்கிறதா. முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றும் இருந்தால் டெலிரியம் என்று கொள்ளலாம். கவனத்தைச் சோதிக்க நர்ஸ், “ஞாயித்துக்கிழமையிலிருந்து பின்னோக்கிச் சொல்லுங்க பாட்டி” என்கிறார். சனி, வெள்ளி என்று தொடங்கி, அப்புறம் என்ன கேட்டார்கள் என்பதே மறந்துபோனால் குறித்துக்கொள்கிறார்.

சத்தம் போடும் டெலிரியத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பேசாமல், சாப்பிடாமல், எந்நேரமும் கண்ணை மூடிக் கிடக்கும் வகைதான் தப்பிவிடுகிறது. “பாட்டி தொந்தரவே இல்ல, நல்லாத் தூங்கறாங்க” என்று இரவு நர்ஸ் சொன்னால் பகல் நர்ஸ் நிம்மதி அடையக் கூடாது. அரை இட்லி இங்கேயும் ஒரு தடயம். நீர்ச்சத்து, தொற்று, சிறுநீர் அடைப்பு, வலி, மாத்திரை என்று காரணம் தேட வேண்டும். கூடவே பையில் போட்டு வைத்த மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். உலகம் தெரியாமல், பேச்சு குழறிக் கிடப்பவர் குழம்புவதில் வியப்பில்லை.

மூன்று மீட்டர்

2011இல் வெளியான இங்கிலாந்தின் இடுப்பு முறிவு வழிகாட்டி, மருத்துவத் தடை ஏதும் இல்லாவிட்டால் அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைக்கத் தொடங்கச் சொல்கிறது. எழுப்பும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்: படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் தலைசுற்றி விழக்கூடும். நாள்கணக்கில் படுத்தவரின் ரத்தக் குழாய்கள், நின்றதும் சுருங்கி ரத்தத்தை மேலேற்றும் பழக்கத்தை மறந்திருக்கும். கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைப்பது அவற்றுக்கு நினைவூட்டத்தான்.

முன்னேற்றத்தை அளக்க டென்மார்க்கில் உருவான எளிய கணக்கு ஒன்று உண்டு. படுக்கையிலிருந்து இறங்கி ஏறுவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, வாக்கரோடு நடப்பது என மூன்று வேலைகள். உதவியிருந்தும் முடியாவிட்டால் 0, ஒருவர் உதவினால் 1, தானாகச் செய்தால் 2. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6. கொஞ்சம் தேறியவருக்கு 1991இல் மாண்ட்ரியலிலிருந்து வந்த நடைச் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி? தேவை ஒரு நாற்காலி, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு, கைக்கடிகாரம்.

இந்த எண்களில் எதுவும் தனியாக நின்று பெரிதாக ஒன்றும் சொல்லாது. பாட்டிக்கு 45 நொடி என்றால் அது நல்லதா கெட்டதா? போன வாரம் 70 என்றால் நல்லது, போன வாரம் 30 என்றால் ஏதோ கோளாறு. கெண்டைக்காலின் சுற்றளவு, மூச்சின் எண்ணிக்கை, இட்லி எல்லாமே அப்படித்தான். வார்டில் ஒரு நாளைக்கு மூன்று பேர் டூட்டி மாறுகிறார்கள். பாட்டியை இரண்டு நாள் தொடர்ந்து பார்க்கும் கண் யாருக்கும் இல்லை. அளவுகோல்கள் வந்தது அந்தக் குறையை ஈடுகட்ட. நேற்றைய நர்ஸின் கண்ணை இன்றைய நர்ஸுக்குக் கடன் தருவது அந்தத் தாளில் எழுதிய எண்தான். நோயாளி தேறுகிறாரா என்ற கேள்விக்கு விடை எப்போதும் இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

நிலைப்படிக்கு அப்பால்

எலும்பு நோயாளிகளின் செவிலியப் பணிக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஆக்னஸ் ஹண்ட், சிறுவயதில் இடுப்பெலும்பில் வந்த தொற்றால் நடக்கச் சிரமப்பட்டவர். அந்தச் சிரமத்துடனே நர்ஸ் ஆனார். 1900இல் இங்கிலாந்தின் பாஸ்சர்ச் கிராமத்தில் அவர் தொடங்கிய சிறு இல்லம் எலும்பு மருத்துவமனையாக வளர்ந்தது. ஆறிய காலோடு வீட்டுக்குப் போனவர் பிழைப்புக்கு என்ன செய்வார் என்றும் அவர் கேட்டார். 1927இல் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி எழுந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் இப்படி ஒருவர் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைகள் செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவர் பங்கு முதன்மையானது. தேறுவது என்றால் என்ன என்பதைக் கட்டிலின் உள்பக்கத்திலிருந்து அறிந்தவர்கள் இவர்கள். இருவருக்குமே ஆஸ்பத்திரி வாசலோடு கணக்கு முடியவில்லை.

நம் பாட்டிக்கும் வாசலுக்கு அப்பால்தான் பெரிய சோதனை. அன்றாட வேலைகளை அளக்க 1965 முதல் பயன்படும் பார்த்தெல் அளவுகோல், கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்று கேட்கிறது. எந்தக் கழிப்பறை என்று நாம்தான் கேட்க வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையா? வாசலில் அரையடி நிலைப்படியா? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவரா, பாயில் படுக்கிறவரா? இடுப்பு மூட்டை மாற்றியவர்களுக்கு ஆழமாகக் குந்துவதும் சம்மணமிடுவதும் மூட்டு பிசகக் காரணமாகலாம். ஒரு கமோடு நாற்காலி, கட்டிலுக்கு அடியில் வைக்க நாலு செங்கல், குளியலறையில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு என்று நர்ஸ் பட்டியல் போடுகிறார். ஊர் தூரமென்றால், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வரும் என்பதையும் சொல்கிறார்.

டிஸ்சார்ஜ் அன்று மகன் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். “வீட்ல என்ன பாக்கணும் சிஸ்டர்?” நர்ஸ் கவரை வாங்கி, பின்பக்கம் திருப்பி, பேனாவால் கோடு போட்டு ஆறு கட்டங்கள் வரைகிறார். குதிகால். கெண்டைக்கால் அளவு. தண்ணீர் எத்தனை சொம்பு. சாப்பாடு. பேச்சில் தெளிவு. எத்தனை அடி நடந்தார். “தினமும் ராத்திரி எழுதுங்க சார். மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ எழுதிக்கிட்டு இருக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க.”

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது டாக்டர் கவருக்குள்ளிருந்து படத்தை உருவி விளக்கில் மாட்டுகிறார். நர்ஸ் காலிக் கவரை வாங்கிப் பின்பக்கம் திருப்புகிறார். முதல் நாள் கட்டத்தில் “4 அடி, பிடிச்சுக்கிட்டு”. கடைசி வரியில் மகனின் கோணல் எழுத்து: “வாசல் வரை, தானா.”